வீட்டில் வாழ்ந்த வீணை

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயிலுக்குச் சென்று வந்தவர் எவரும் அங்குள்ள அம்மச்சிப் பிலாவைக் காணாது திரும்பியிரார். பகைவர் துரத்திய இளமைக் காலத்தில் மார்த்தாண்டவர்மர் அப்பலாமரத்தின் பொந்தினுள் மறைந்து உயிர் தப்பினார் என்பது இந்நாட்டில் வழிவழி வந்த செய்தி. மன்னனைக் காத்த மரம் என்று மக்கள் அதனைப் போற்றி வருகின்றனர். திருப்புறத்திலும் பாறசாலையிலும் பலா நில்லாத விளை அரிது. சக்கைப் பருவம் வந்துவிட்டால் நம் வீட்டுச் சிறுவர்களுக்கு வேறு தின்பண்டம் வேண்டுவதில்லை.

ஆனால், பலாவுக்கு மற்றொரு பெருமையும் உண்டு. தஞ்சைக் கைவினைஞரின் உளிபட்டு அது வீணையாகிறது. குடமும் தண்டியும் பலாமரத்தால் அமைவன. இரண்டையும் ஒரே கட்டையில் குடைந்தெடுத்தால் அதனை ஏகாண்ட வீணை என்பர். மன்னன் உயிரைத் தன்னுள் வைத்துக் காத்தது போலவே, இசையின் உயிரையும் தன்னுள் வைத்துக் காக்கும் மரம் பலா என்று நாம் எண்ணி மகிழலாம்.

அத்தகைய பலாமர வீணை ஒன்றைத் தம் மடிமீது தாங்கி, ஒரு நூற்றாண்டு இசைச் செல்வத்தைத் தம் வீட்டுக்குள்ளேயே காத்துக் கொடுத்த பெண்மணி ஒருவரின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகின்றோம். அவர் வீணை தனம்மாள். அவர் பிறந்ததும் வாழ்ந்ததும் மறைந்ததும் சென்னை மாநகரில். எனினும், பிறந்த மண்ணை விட்டு வேற்றிடத்தில் குடியேறிய நம் போன்றோருக்கு அவர் வரலாற்றில் கற்றுக்கொள்ள வேண்டுவது மிகுதியாக உண்டு. ஏனெனில், அவர் குடும்பமும் இடம் பெயர்ந்து வந்த குடும்பமே.

தனம்மாளின் முன்னோர் தஞ்சை அரசவையைச் சார்ந்தவர்கள். இசையையும் நடனத்தையும் குலவித்தையாகக் கொண்டு, தாயிடமிருந்து மகளுக்கு என்று கலையை வழங்கி வந்த மரபு அது. பாட்டியார் காமாட்சி அம்மாள் தஞ்சை அவையில் ஆடிப் புகழ் பெற்றவர். தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-ஆம் ஆண்டில் ஆண் வாரிசின்றி மறைந்தார். அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆதரித்த அவை அழிந்தபின் கலைஞர் என் செய்வர்? பலர் சென்னையை நோக்கிப் புறப்பட்டனர். சிலர் மைசூருக்கும் திருவிதாங்கூருக்கும் சென்றனர். தனம்மாளின் குடும்பம் சென்னை ஜார்ஜ் டவுன் பகுதியில் நிலைபெற்றது. வண்டியேற்றிக் கொண்டு வரக்கூடிய பொருளைக் காட்டிலும், நெஞ்சில் ஏற்றிக் கொண்டு வந்த பாட்டே அவர்களது பெருஞ்செல்வமாய் இருந்தது.

1867-ஆம் ஆண்டு அக்குடும்பத்தில் தனம் பிறந்தார். தாயார் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் புதல்வரான சுப்பராய சாஸ்திரிகளிடம் இசை பயின்றவர். ஆகவே மும்மூர்த்திகளுள் ஒருவரது இசை, அக்குழந்தைக்குத் தாயின் குரலிலேயே கிடைத்தது. பின்னர் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைப் பாடம் செய்தார். கண்பார்வையற்ற பால்தாஸ் நாயுடு என்னும் வித்துவானிடம் பதங்களைக் கற்றார். ஏட்டைப் பார்த்துப் படித்த படிப்பன்று இது. ஆசிரியர் ஒரு முறை பாட, மாணவி பல முறை திருப்பிப் பாடி, ஓர் அசைவும் பிறழாதவாறு நெஞ்சில் பதித்துக்கொண்ட படிப்பு.

இவற்றுள் தீட்சிதர் கிருதிகள் வீணைக்கென்றே பிறந்தன போன்றவை. தீட்சிதர் தாமே வீணை வாசிப்பதில் வல்லவர். நம் தென்பாண்டி நாட்டு எட்டயபுரத்தில் 1835-ஆம் ஆண்டு அவர் மறைந்தார் என்பதை அன்பர்கள் அறிவர். அவருடைய கிருதிகள் பெரும்பாலும் நிதானமான நடையில் செல்வன. அந்நடை தனம்மாளின் விரல்களுக்கு இயல்பாகப் பொருந்திற்று.

இங்கு வீணையின் இயல்பைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். அதனை அறியாவிடில் தனம்மாளின் பெருமை விளங்காது. வீணையில் தந்திகள் ஏழு. அவற்றுள் நான்கு வாசிப்பதற்கு. மூன்று தாளத்திற்கும் சுருதிக்கும். வாசிக்கும் தந்திகள் சட்சமமும் பஞ்சமமுமாக மாறி மாறிச் சேர்க்கப்பட்டிருக்கும். தண்டியின் மேல் மெழுகில் பதித்த 24 மெட்டுக்கள், இரண்டு ஸ்தாயிகளுக்குரிய சுரத்தானங்களைக் காட்டும். வலக்கை மீட்டும், இடக்கை மெட்டின் மேல் தந்தியை அழுத்தியும் இழுத்தும் சுரங்களைப் பிறப்பிக்கும்.

மீட்டிய ஒலி நெடுநேரம் நில்லாது. பிறந்த கணமே அது தேயத் தொடங்குகிறது. குழலுக்கு மூச்சு உண்டு. பிடிலுக்கு வில் உண்டு. அவை வேண்டிய அளவு ஒலியை நீட்டலாம். வீணைக்கு அவ்வசதி இல்லை. ஆதலால் வீணை வாசிப்போர் பலர் அடிக்கடி மீட்டி ஒலியை நிரப்புவர். வேகமாக வாசித்துக் கைத்தட்டல் பெறுவர். விரல் நுனியில் கம்பி மாட்டிக்கொண்டு ஒலியைப் பெருக்குவோரும் உண்டு. தனம்மாள் இவற்றுள் எதனையும் விரும்பவில்லை. வெறும் விரலாலேயே மீட்டினார். ஒரு முறை மீட்டிவிட்டு, அவ்வொலி தேய்ந்து மறைவதற்குள் இடக்கையால் தந்தியை இழுத்து, இரண்டு மூன்று சுரங்களை அதிலிருந்தே பெற்றார். ஒலி சிறுத்துக் கொண்டே போகும். பொருள் பெருகிக் கொண்டே போகும். கேட்பவர் செவியைத் தீட்டிக் கொண்டு அவ்வொலியின் பின்னே செல்ல வேண்டும்.

இசையில் காலம் மூன்று வகை என்பர்: விளம்பம், மத்திமம், துரிதம். ஒன்றைவிட மற்றொன்று இரு மடங்கு விரைவு. தனம்மாளின் மனம் விளம்பத்திலேயே குடிகொண்டிருந்தது. விரைந்து செல்வது கடினம் என்றும், மெல்லச் செல்வது எளிது என்றும் நாம் எண்ணுகிறோம். இசையில் அது தலைகீழ். விரைவில் செய்யும் பிழை விரைவிலேயே மறைந்துவிடும். மெல்லச் செல்லும்போது ஒரு தாள அட்சரத்திற்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள வெளி பெரிதாகிறது. அவ்வெளியில் மனம் தடுமாறினால் தாளம் ஓடிப்போகும். சுரம் சற்றுச் சரிந்தாலும் குழந்தைக்குக்கூடத் தெரியும். மிருதங்கத் துணை இருந்தால் கணக்கைக் காட்டும். தனம்மாளோ பெரும்பாலும் மிருதங்கமின்றியே வாசித்தார். முழவின் ஒலியில் அவ்வீணையின் மென்மை மூழ்கிவிடும் அன்றோ? ஆகவே காலத்தைத் தம் நெஞ்சிலேயே எண்ணிக் கொள்ள வேண்டியிருந்தது.

சுருதியைத் தாய் என்றும் லயத்தைத் தந்தை என்றும் கூறுவது நம் வழக்கு. வீணையில் வாசிக்கத் தொடங்கு முன் தந்திகளைச் சுருதி கூட்டுவதே ஒரு வழிபாடு. பெருமண்டபத்தில், மக்கள் ஆரவாரத்தினிடையே சுருதியின் நுண்மை எங்கே கேட்கப் போகிறது? மென்மையாக மீட்டும்போதோ, சட்சமம் பஞ்சமத்தோடு இழையும் இழைவு ஒன்றே கேட்பவரைக் கட்டிப்போடப் போதும். தனம்மாள் வாசித்துக் கொண்டே தாமும் மெல்லிய குரலில் பாடுவார். குரல் எங்கே முடிந்தது, தந்தி எங்கே தொடங்கிற்று என்று அறிய இயலாதபடி இரண்டும் ஒன்றிய நிலை அது.

இவ்வாறு காலமும் சுருதியும் அடங்கி நின்றபின் மூன்றாவதாகிய பாவம் தானே வந்து அமரும். அவர் பெரிதும் போற்றிய பதங்கள் அத்தகையன. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்ரக்ஞர் இயற்றிய தெலுங்குப் பதங்களுள் பல, மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழு அட்சரம் கொண்ட திரிபுட தாளத்தில், மிக மெதுவாக நடப்பன. தலைவனைப் பிரிந்த தலைவி தோழியிடம் கூறும் ஏக்கம், ஊடல், வெட்கம், ஏமாற்றம் ஆகியவையே அவற்றின் பொருள். ஆழ்ந்த துயரமுடையோர் விரைந்து பேசுவதில்லை. ஒரு சொல் சொல்வர், நிறுத்துவர், மீண்டும் அதனையே வேறு விதமாகச் சொல்வர். பதத்தின் நடையும் அதுவே. நம் சங்கப் புலவர்கள் அகத்திணையில் கண்ட உள்ளத்து நுண்மை, இங்கு இராகத்தின் வடிவில் வருகிறது எனலாம். திருவனந்தபுரத்தில் 1846-ஆம் ஆண்டு வரை அரசு புரிந்த சுவாதித் திருநாள் மன்னரும் பதங்கள் பல இயற்றியவர். ஆகையால் இந்நாட்டாருக்கும் அந்நடை புதிதன்று.

தனம்மாளின் இசை அரங்கு எது? ஜார்ஜ் டவுனில் இராமகிருஷ்ண செட்டித் தெருவிலிருந்த அவரது இல்லமே. வெள்ளிக்கிழமை தோறும் மாலையில் அவர் வீணையை எடுப்பார். வருவோர் தரையில் அமர்வர். அவர்களுள் பெரும் பாடகர்கள் உண்டு, வழக்கறிஞர் உண்டு, வணிகர் உண்டு. உள்ளே வந்தபின் யாவரும் ஒன்றே. பேச்சு கூடாது, தாளம் போட்டு ஓசை எழுப்புதல் கூடாது, வியந்து கூவுதலும் கூடாது. சிறு சந்தடி எழுந்தாலும் அம்மையாரின் முகம் மாறும் என்று கேட்டோர் கூறியுள்ளனர். செருக்கினால் விளைந்த கடுமை அன்று இது. தேய்ந்து கொண்டே செல்லும் ஓர் ஒலியைப் பின்தொடர்ந்து செல்லும் கூட்டத்தில், ஒருவர் இருமினாலும் அவ்வொலி அனைவருக்கும் அற்றுப் போகும். ஒருவருக்கொருவர் அமைதி காத்துக் கொடுத்தாலன்றி அவ்விசை எவருக்கும் இல்லை.

வெளியுலகம் அந்நாளில் வேகமாக மாறிக் கொண்டிருந்தது. சபாக்கள் தோன்றின, டிக்கட்டு வாங்கிக் கேட்கும் கச்சேரிகள் பெருகின. 1928-இல் சென்னையில் மியூசிக் அகாடமி நிறுவப்பட்டது. ஒலிபெருக்கி மேடையேறிற்று. பாடகரின் குரல் கடைசி வரிசைக்கும் எட்டியது, நன்மையே. ஆயினும், ஓங்கி ஒலிப்பதே உயர்ந்தது என்னும் எண்ணமும் உடன் வந்தது. மற்றொருபுறம், தனம்மாள் பிறந்த குலத்தின் மீதே சமூகத்தின் சினம் திரும்பிற்று. கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தினால் நேர்ந்த தீமைகளை ஒழிக்கப் பல்லாண்டுகள் கிளர்ச்சி நடந்து, 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டமும் வந்தது. தீமை ஒழிய வேண்டியதே. ஆனால், அத்தீமையோடு சேர்த்து அக்குலப் பெண்கள் காத்து வந்த கலையையும் இழிவாகப் பேசினவர்கள் உண்டு. அவர்களிடமிருந்து பாட்டைக் கற்றுக் கொண்டு, பாட்டைக் கொடுத்தவரை மறந்தவர்களும் உண்டு. இதனை மறைத்துக் கூறுதல் வரலாற்றுக்கு முறையன்று.

இவ்வளவுக்கும் நடுவே தனம்மாள் என் செய்தார்? வாதாடவில்லை, மேடையேறி முழங்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணையை எடுத்து மடியில் வைத்தார். மக்களுக்கும் பேரமக்களுக்கும் பாடம் சொன்னார். இராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி என்னும் நான்கு புதல்வியரும் அவ்வீட்டிலேயே இசை கற்றனர். முதுமையில் அவருக்குக் கண்பார்வை குன்றிற்று. பதம் சொல்லிக் கொடுத்த ஆசிரியரும் பார்வையற்றவர்; கற்றுத் தேர்ந்த மாணவியும் இறுதியில் அந்நிலையே எய்தினார். ஆயினும் விரல்கள் வழி தவறவில்லை. பொருள் வளமும் அவருக்கு என்றும் நிலைத்திருந்ததில்லை.

இசைத்தட்டுக்கள் பரவிய காலம் அது. 1930-களில் தனம்மாளின் வாசிப்பும் தட்டுக்களில் பதிவாயிற்று. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். ஓர் இராகத்தின் வாயிலைத் திறப்பதற்கே அவருக்கு அவ்வளவு நேரம் வேண்டும். கடலைச் செம்பில் முகந்து காட்டியது போன்ற முயற்சிதான். எனினும், அச்செம்பு நீரிலும் கடலின் உப்பு இருக்கிறது. தேய்ந்த தட்டின் இரைச்சலுக்கு அப்பால், அவசரமே அறியாத அவ்விரல்களின் நடையை இன்றும் நாம் கேட்கலாம்.

1938-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் தனம்மாள் மறைந்தார். மேடை பல கண்ட வித்துவான்கள் பலருடைய இசை அவர்களோடு மறைந்து போனதுண்டு. வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த இவ்விசையின் கதி என்னவாயிற்று என்று அன்பர்கள் வினவலாம். அதனைக் கூறுவதே இவ்வரலாற்றின் சிறந்த பகுதி.

காமாட்சியின் புதல்வியர் பிருந்தாவும் முக்தாவும் பாட்டியின் பதங்களை ஒரு நெளிவும் குறையாது பாடினர். பிருந்தாவை நாடி வந்து பதம் கற்றுச் சென்ற பாடகர் பலர். 1976-ஆம் ஆண்டு அவருக்குச் சங்கீத கலாநிதி விருது அளிக்கப்பட்டது. ஜயம்மாளின் புதல்வி பாலசரஸ்வதி, பாட்டியின் வீணையில் ஒலித்த அதே பாவத்தைத் தம் முகத்திலும் கையிலும் காட்டினார். 1957-இல் பத்மபூஷண் விருதும், 1977-இல் பத்மவிபூஷண் விருதும் பெற்றார். பதத்திற்கு ஆடும்போது தாமே பாடிக்கொண்டு ஆடுவது அவர் வழக்கம். அவர் தம்பியர் இருவர்: இரங்கநாதன் மிருதங்கம், விசுவநாதன் புல்லாங்குழல். இவர்கள் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்து அந்நாட்டு இளைஞருக்கு நம் இசையைப் பயிற்றினர். தஞ்சையிலிருந்து சென்னைக்குப் பெயர்ந்த குடும்பச் சொத்து, கடல் கடந்தும் சென்றது. 2010-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தனம்மாளின் உருவம் தாங்கிய அஞ்சல் தலையை வெளியிட்டது. ஒலிபெருக்கிக்கு எட்டாத அம்மெல்லிய ஒலி எவ்வளவு தொலைவு சென்றது, பாருங்கள்!

அன்பர்களே, இவ்வரலாற்றை இம்மலரில் எழுத நாம் எண்ணியதற்குக் காரணம் உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் தமிழ்நாடு, இப்பால் நாம். நம்முள் சிலர் தலைமுறைகளாக இம்மண்ணிலேயே வாழ்பவர். பலர் தொழிலின் பொருட்டு வந்து இக்குடியிருப்பில் அமர்ந்தவர். நம்மைச் சூழ்ந்துள்ள மக்கள் அன்புடையோர். அவர்களது மலையாளம் இனிய மொழி. நம் பிள்ளைகள் அதனைச் செம்மையாகக் கற்பது நன்மையே. ஆனால், நம் பிள்ளைகள் தமிழைப் பேசக் கேட்டறிவர், எழுதப் படிக்க அறியார் என்னும் நிலை வீட்டுக்கு வீடு வளர்ந்து வருவதை நாம் காணாதிருக்க இயலாது.

ஆண்டுக்கு ஒரு நாள் விழா எடுக்கிறோம். பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், சொற்பொழிவும் பாட்டும் ஊரெங்கும் கேட்கின்றன. வேண்டுவதே. அந்த ஒரு நாள் முழக்கம் மட்டும் போதும் என்று இருந்துவிட்டால், மறுநாள் பந்தல் பிரிக்கும்போது தமிழும் உடன் பிரிந்துவிடும். அரசவை அழிந்தபோதும், மேடை மாறியபோதும், ஊரார் பழித்தபோதும், தனம்மாள் வீட்டு இசை அழியாது நின்றது எதனால்? வாரந்தோறும் ஒரு மாலை, ஒரு சிறு கூடம், பாட ஒருவர், காது கொடுத்துக் கேட்கச் சிலர், இவ்வளவினாலேயே நின்றது.

நமக்கும் அவ்வளவே வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வேளையில், நம் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டிலும் தாயோ தந்தையோ பிள்ளையை அருகில் அமர்த்தி, அரைமணி நேரம் ஒரு தமிழ் நூலை வாய்விட்டுப் படிக்கட்டும். அவசரம் வேண்டா. ஒரு பக்கம் போதும். விளம்ப காலமே நல்லது. குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்க வேண்டுவதில்லை; அருகிலிருக்கும் குழந்தைக்குக் கேட்டால் போதும். தஞ்சையிலிருந்து வந்தவர்களின் பாட்டைக் காத்த முறை, நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்த நம் மொழியையும் காக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

அம்மச்சிப் பிலாவின் பொந்து சிறியதுதான். ஆயினும் ஒரு நாட்டின் வருங்காலம் அதனுள் ஒளிந்திருந்தது என்பர். நம் வீடுகளும் அத்தகையனவாக விளங்குக!